கேபின் பையைக் கட்டுவது எப்படி: எடை பார்ப்பதில் தொடங்கி விமான வாசல் வரை

விமானத்தின் வாசலுக்குப் பத்தடி முன்னால் ஓர் ஊழியர் எங்களை நிறுத்தினார். "மேலே இடம் நிரம்பிடுச்சு, இந்தப் பை கீழே போகணும்" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியில் ஒரு சீட்டைக் கட்டினார். அந்தப் பையின் அடியில், நான்கு சட்டைகளுக்கும் கீழே, அப்பாவின் இதய மாத்திரைகள் இருந்தன. பின்னால் நீண்ட வரிசை. நான் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப்போட்டு மாத்திரை டப்பாவைக் கண்டுபிடித்தேன். அந்தப் பதற்றத்தில் பவர் பேங்க் என் நினைவுக்கே வரவில்லை. அது பையோடு சரக்கு அறைக்குப் போய்விட்டது. அங்கே போகவே கூடாத பொருள் அது என்பது இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. உடனே பணியாளரிடம் சொன்னேன். நல்ல வேளையாகக் கதவு மூடுவதற்குள் அவர்கள் பையைத் தேடி எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் பை கட்டும் முறையே மாறிவிட்டது. விமானத்துக்குள் கையோடு எடுத்துப்போகும் கேபின் பை கடைசி வரை நம்மோடு இருக்கும் என்று எந்த விமான நிறுவனமும் உறுதி கொடுப்பதில்லை. ஆகவே கட்டும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தப் பையை இப்போது வாங்கிக்கொண்டு போனால், என் கையில் என்ன மிச்சம் இருக்கும்? கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றியே வருகின்றன.

படி 1: உங்கள் டிக்கெட்டுக்கு உரிய அளவைக் கண்டுபிடியுங்கள்

"கேபின் சைஸ்" என்று கடைகளில் ஒட்டியிருக்கும் அட்டையை நம்ப வேண்டாம். எல்லோருக்கும் பொதுவான ஒரே அளவு கிடையாது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 56 × 45 × 25 செ.மீ. என்ற அளவைப் பரிந்துரைக்கிறது. அது பரிந்துரை மட்டும்தான், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் அளவு வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதே 56 × 45 × 25 செ.மீ. பைக்கு 23 கிலோ வரை விடுகிறது. எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவற்றின் எகானமி வகுப்பில் 7 கிலோதான். ஏர் பிரான்ஸ் மேலே வைக்கும் பையையும் இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறு பையையும் சேர்த்து 12 கிலோ என்கிறது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் எடை பார்ப்பதில்லை, ஆனால் 56 × 36 × 23 செ.மீ. அளவைத் தாண்டக் கூடாது. ரையன்ஏர் போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்களின் அடிப்படை டிக்கெட்டில் 40 × 30 × 20 செ.மீ. அளவுள்ள ஒரு சிறு பை மட்டுமே இலவசம். தலைக்கு மேலுள்ள அறையில் வைக்கும் பைக்குத் தனிக் கட்டணம்.

இந்த அளவுகளில் சக்கரமும் கைப்பிடியும் வெளிப்பாக்கெட்டும் சேர்த்தி. பையின் விளம்பரத்தில் போட்டிருக்கும் உயரம் சில சமயம் சக்கரத்தை விட்டுவிட்டு எடுத்ததாக இருக்கும். அதனால் டேப்பை வைத்துத் தரையிலிருந்து கைப்பிடியின் நுனி வரை நீங்களே அளந்துவிடுங்கள்.

இரண்டு விமானம் மாறிப் போகிறீர்கள், இரண்டும் வெவ்வேறு நிறுவனம் என்றால் எது குறைவாக அனுமதிக்கிறதோ அதற்கேற்பக் கட்டுங்கள். இணைப்பு விமானத்தில் வேறு நிறுவனத்தின் சிறிய விமானம் வருகிறதா என்றும் டிக்கெட்டில் பாருங்கள். ஐம்பது, எழுபது பேர் போகும் சிறிய விமானங்களில் தலைக்கு மேலுள்ள அறை மிகக் குறுகல். பெரிய விமானத்தில் தாராளமாக நுழைந்த பை அங்கே நுழையாது. அந்தப் பைகளை வாசலில் வாங்கிக்கொள்வார்கள்.

படி 2: காலிப் பையை எடை போடுங்கள்

7 கிலோதான் அனுமதி என்றால், பையின் சொந்த எடைதான் உங்கள் முதல் எதிரி. கெட்டியான ஓடு போட்ட நான்கு சக்கரப் பெட்டி பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரும். பாதி அளவு பெட்டியிலேயே போய்விடும். நல்ல முதுகுப்பை ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். இந்த ஒன்றரை, இரண்டு கிலோ வித்தியாசத்தில் ஒரு மடிக்கணினியே அடங்கிவிடும்.

எனக்கு எடைக் கட்டுப்பாடுள்ள பயணங்களில் முதுகுப்பைதான் பிடிக்கும். முன்பக்கம் பெட்டிபோல முழுவதும் திறக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மேல்வாய் மட்டும் திறக்கும் பையில் அடியில் உள்ள ஒன்றை எடுக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியிருக்கும். முதுகு வலி, தோள் வலி உள்ளவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. அவர்கள் இரண்டு சக்கரம் உள்ள துணிப்பெட்டியை எடுக்கலாம். நான்கு சக்கரப் பெட்டியைவிட அது எடை குறைவு, சக்கரங்கள் பாதி உள்ளடங்கி இருப்பதால் உள்ளே இடமும் கூடுதலாகக் கிடைக்கும்.

படி 3: வீட்டிலேயே இரண்டாகப் பிரியுங்கள்

பெரும்பாலான டிக்கெட்டுகளில் மேலே வைக்க ஒரு பை, முன் இருக்கைக்கு அடியில் வைக்க ஒரு சிறு பை என்று இரண்டுக்கு அனுமதி உண்டு. பலர் இடம் எங்கே இருக்கிறதோ அங்கே சாமானைத் திணிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இப்போது கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பி இரண்டு குவியலாகப் பிரிக்கிறேன். தொலைந்தாலும் தாமதமானாலும் சமாளித்துக்கொள்ளலாம் என்பவை ஒரு பக்கம். ஒரு நிமிடம்கூடக் கையை விட்டுப் போகக் கூடாதவை மறு பக்கம்.

இரண்டாவது குவியல் சிறியதுதான்: பாஸ்போர்ட், விசா தாள்கள், பணம், அட்டைகள், தினமும் சாப்பிடும் மருந்துகள், மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி, போன், மடிக்கணினி, பவர் பேங்க், கழற்றி எடுத்த கேமரா பேட்டரிகள், நகை, மாற்றிக்கொள்ள ஒரு செட் உள்ளாடையும் ஒரு டீ-சர்ட்டும். இவை எல்லாம் இருக்கைக்கு அடியில் போகும் சிறு பைக்கு. அந்தப் பையை வாசலில் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். அவசரக் கதவு வரிசையிலோ, முன்னால் சுவர் மட்டும் இருக்கும் முதல் வரிசையிலோ இடம் கிடைத்தால், விமானம் மேலேறும்போதும் இறங்கும்போதும் சிறு பையையும் மேலேதான் வைக்கச் சொல்வார்கள். அதனால் சிறு பைக்குள் இன்னொரு சிறிய ஜிப் உறை வைத்து, பாஸ்போர்ட், மாத்திரை, போன், பவர் பேங்க் நான்கையும் அதில் போட்டுவிடுங்கள். மடியிலோ சட்டைப் பாக்கெட்டிலோ அடங்கும் அளவில் அந்த உறை இருக்கட்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால், இந்த உறையைக் கடைப்பிடியுங்கள்.

படி 4: துணி

துணியில் இடத்தைவிட எடைதான் பிரச்சினை. ஒரு ஜீன்ஸ் 600 முதல் 800 கிராம் இருக்கும். மெல்லிய டீ-சர்ட் 150 கிராம். ஒரு ஜோடி ஓட்டக் காலணி 600 கிராமுக்கு மேல். கனத்த குளியல் துண்டு அரை கிலோவைத் தாண்டிவிடும். சமையலறைத் தராசில் ஒருமுறை உங்கள் துணிகளை நிறுத்துப் பாருங்கள், எதை விட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஐந்து நாள் பயணத்துக்கு நான் எடுப்பது: போட்டுக்கொண்டு போவதையும் சேர்த்து மேலாடை நான்கு, கீழாடை இரண்டு, உள்ளாடையும் காலுறையும் ஐந்து ஐந்து, மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று, இரவுக்கு ஓர் உடை. பத்து நாள் பயணம் என்றாலும் இதே கணக்குதான், நடுவில் ஒருமுறை துவைத்துக்கொள்வேன். பாலியஸ்டர், மெரினோ கம்பளி போன்றவை இரவு துவைத்துப் போட்டால் பெரும்பாலும் காலையில் காய்ந்துவிடும். கனத்த பருத்தி காயாது. எல்லா மேலாடையும் எல்லாக் கீழாடையோடும் ஒத்துப்போகிற நிறமாக இருந்தால் ஆறு துணியில் எட்டு விதமாக உடுத்தலாம்.

எது கனமோ அதை உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். ஜீன்ஸ், காலணி, ஜாக்கெட் மூன்றும் பைக்குள் போனால் இரண்டு கிலோ, உடம்பில் இருந்தால் கணக்கிலேயே வராது. விமானத்துக்குள் குளிராக இருக்கும் என்பதால் ஜாக்கெட்டுக்கு வேலையும் உண்டு.

சுருட்டுவதா, மடிப்பதா? டீ-சர்ட், பேன்ட், உள்ளாடை எல்லாம் சுருட்டினால் இடம் மிச்சமாகும், எது எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். துணியைச் சமதளத்தில் விரித்து, கைகளை உள்ளே மடித்து, சுருக்கம் நீவிவிட்டு, அடிப்பக்கத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். தொளதொளவென்று சுருட்டினால்தான் சுருக்கம் விழும். இஸ்திரி போட்ட காலர் சட்டையும் கோட்டும் சுருட்டுவதற்கு ஏற்றவை அல்ல. அவற்றைக் கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே அகலமாக மடித்து வையுங்கள்.

துணிகளைப் பிரித்து வைக்கும் ஜிப் உறைகள் உண்மையிலேயே உதவும். மேலாடைக்கு ஒன்று, உள்ளாடைக்கு ஒன்று என்று வைத்தால், சோதனையில் பையைத் திறந்தாலும் உங்கள் உள்ளாடைகள் மேசையில் சிதறாது. காற்றை வெளியேற்றும் பிளாஸ்டிக் உறைகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அவை பருமனைக் குறைக்கும், எடையைக் குறைக்காது. பை ஒல்லியாகத் தெரியும், தராசில் வைத்தால் ஒன்பது கிலோ காட்டும்.

படி 5: திரவங்கள்

2006 ஆகஸ்ட் மாதம், அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் திரவ வெடிபொருளை எடுத்துச் செல்லும் சதி ஒன்றைப் பிரிட்டன் போலீசார் முறியடித்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் 100 மி.லி. விதி. ஒவ்வொரு குப்பியும் 100 மி.லி.க்கு மிகாமல் இருக்க வேண்டும். எல்லாக் குப்பிகளும் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள, ஒளி ஊடுருவும், திறந்து மூடக்கூடிய ஒரே பையில் அடங்க வேண்டும். ஆளுக்கு ஒரு பை. பல நாடுகளில் சர்வதேசப் பயணத்துக்கு இதுதான் நடைமுறை. சில நாடுகளின் உள்நாட்டுப் பயணத்தில் விதி வேறாக இருக்கும்.

இதில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு ஒன்று உண்டு. அதிகாரிகள் பார்ப்பது குப்பியில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவை. 200 மி.லி. பற்பசைக் குழாயில் கடைசிச் சொட்டு மட்டும் மிச்சம் இருந்தாலும் அது 200 மி.லி. குழாய்தான், குப்பைத்தொட்டிக்குப் போகும். இன்னொன்று, திரவம் என்றால் தண்ணீர் போல ஓடுவது மட்டும் அல்ல. பற்பசை, கிரீம், ஜெல், ஸ்பிரே, மஸ்காரா, ஜாம், தேன், தயிர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கையில் வைத்தால் பூசிக்கொள்ளும் தன்மை இருந்தால் திரவம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பைக்குள் இருப்பதை முப்பரிமாணப் படமாகக் காட்டும் புதிய சி.டி. ஸ்கேனர்கள் வந்த சில விமான நிலையங்களில் இந்த விதி தளர்ந்திருக்கிறது. பையிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம் என்கிறார்கள், பெரிய பாட்டில்களைக்கூட விடுகிறார்கள். ஆனால் கிளம்பும் இடத்தில் விட்டார்கள் என்பதால் நடுவில் மாறும் இடத்திலும் திரும்பி வரும் இடத்திலும் விடுவார்கள் என்று பொருள் இல்லை. பயண வழியில் உள்ள எல்லா விமான நிலையங்களையும் பார்க்காமல் பெரிய பாட்டிலை வைக்காதீர்கள். ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இதே சி.டி. ஸ்கேனர்கள் கழுவாத ஃபிலிம் சுருளைக் கெடுத்துவிடும். சுருள்களை வெளியே எடுத்துக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

திரவத்தைக் குறைக்க நல்ல வழி, திடப்பொருளுக்கு மாறுவது. குளியல் கட்டி, ஷாம்பூ கட்டி, குச்சி வடிவ டியோடரன்ட், பல் துலக்கும் மாத்திரை எதுவும் அந்தப் பைக்குள் வர வேண்டியதில்லை. மாறிய பிறகு என் திரவப் பையில் சன்ஸ்கிரீனும் பற்பசையும் கான்டாக்ட் லென்ஸ் திரவமும் மட்டும்தான் இருக்கின்றன.

குப்பி கசிவதற்கும் காரணம் உண்டு. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போல இருக்கும். தரையில் மூடிய குப்பிக்குள் இருக்கும் காற்று அங்கே விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். மென்மையான குப்பியாக இருந்தால் மூடுவதற்கு முன் லேசாக அழுத்திக் காற்றை வெளியேற்றி, அப்படியே மூடியைத் திருகுங்கள். வாய்ப்பகுதியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து மேலே மூடினால் இன்னும் நல்லது. மை ஊற்றும் பேனா கொண்டு போகிறவர்கள் மையை முழுவதும் நிரப்புங்கள், அல்லது முழுவதும் காலி செய்யுங்கள், முள் மேலே பார்த்து இருக்கட்டும்.

குழந்தைக்கான பால், உணவு, அவசியமான மருந்துத் திரவங்கள் ஆகியவற்றைப் பயணத்துக்குத் தேவையான அளவில் 100 மி.லி.க்கு மேலும் விடுகிறார்கள். தனியாக எடுத்து, சோதனைக்கு முன்பே அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். அப்புறம் மாவுப் பொருள்: அமெரிக்கா 2018 ஜூன் முதல் 350 மி.லி.க்கு மேற்பட்ட மாவு, பொடி வகைகளைத் தனியாகச் சோதிக்கிறது. புரதப் பொடி டப்பா எடுத்துப் போகிறவர்கள் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தால் தடையில்லை, சோதனையைத் தாண்டி நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 6: பவர் பேங்க், பேட்டரி

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பவர் பேங்கும் கழற்றி எடுத்த லித்தியம் பேட்டரிகளும் இ-சிகரெட்டும் சரக்கு அறைக்குப் போகவே கூடாது, நம்மோடு கேபினில்தான் வர வேண்டும். லித்தியம் பேட்டரி பழுதானால் தன் சூட்டிலேயே மேலும் மேலும் சூடாகித் தீப்பிடிக்கும். சரக்கு அறையில் உள்ள தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கும், ஆனால் பேட்டரிக்குள் சூடு சூட்டைக் கூட்டும் அந்தச் சங்கிலியை நிறுத்தாது. கேபினில் என்றால் பணியாளர்கள் உடனே பார்ப்பார்கள், தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள்.

பேட்டரி எவ்வளவு ஆற்றலைச் சேமிக்கும் என்ற அளவு வாட்-அவர் கணக்கில் வரும். 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை, அதுவும் இரண்டுக்கு மேல் கிடையாது. 160-ஐத் தாண்டினால் எடுத்துப்போகவே முடியாது. பவர் பேங்கில் பெரும்பாலும் எம்ஏஎச் (mAh, மில்லி ஆம்பியர்-அவர்) எண்தான் பெரிதாக இருக்கும். அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-அவர் வந்துவிடும். 10,000 எம்ஏஎச் என்றால் 37. 20,000 என்றால் 74. 27,000 என்றால் 99.9, அதாவது எல்லைக்கோட்டில் நிற்கிறது. 30,000 என்றால் 111, ஒப்புதல் வாங்க வேண்டும். எழுத்து அழிந்துபோன, உப்பிய, பெயர் தெரியாத பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அளவு தெரியாவிட்டால் பறிமுதல் செய்ய வாய்ப்பு அதிகம்.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படுவதற்கு முன் பின்பகுதியின் மேல் அறையில் தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்த அனைவரும் வெளியேறிவிட்டார்கள், விமானம் நாசமானது. பவர் பேங்க் ஒன்று காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதன் பிறகு விதிகள் வேகமாக இறுகின. கொரிய நிறுவனங்கள் 2025 மார்ச் முதல் பவர் பேங்கை மேல் அறையில் வைக்கத் தடை போட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் முதல் பறக்கும்போது பவர் பேங்கிலிருந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றவோ பவர் பேங்கையே சார்ஜ் செய்யவோ கூடாது என்றது. எமிரேட்ஸ் அக்டோபர் முதல் 100 வாட்-அவருக்குக் குறைந்த ஒன்றே ஒன்றை மட்டும், பயன்படுத்தாமல் வைத்திருக்கும் நிபந்தனையோடு விடுகிறது. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் ஜூன் 28 முதல் அந்நாட்டின் 3சி என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்குக்கு இடமில்லை. இந்த விதிகள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கின்றன, கிளம்பும் வாரத்தில் உங்கள் நிறுவனத்தின் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

என் பழக்கம் எளிது. ஒரே ஒரு பவர் பேங்க், 10,000 எம்ஏஎச், முன்னே சொன்ன ஜிப் உறையில். கழற்றிய கேமரா பேட்டரிகளின் உலோக முனையில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். சாவியோ நாணயமோ அந்த முனைகளில் பட்டால் ஷார்ட் ஆகும். பெட்டியிலேயே பேட்டரி பொருத்திய ‘ஸ்மார்ட்’ பெட்டி வைத்திருந்தால், அந்தப் பேட்டரி கழற்றக்கூடியதா என்று பாருங்கள். கழற்ற முடியாத பெட்டிகளைப் பல நிறுவனங்கள் 2018 முதல் ஏற்பதில்லை.

படி 7: மருந்தும் தாள்களும்

மருந்துகள் கடை அட்டையிலேயே, பெயர் தெரியும்படி இருக்கட்டும். வாராந்திர மாத்திரை டப்பாவில் பிரித்துப் போட்டால் எது என்ன மருந்து என்று யாருக்கும் காட்ட முடியாது. மருத்துவரின் சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். பயண நாட்களுக்கு மேல் மூன்று நான்கு நாளைக்குச் சேர்த்து எடுங்கள். தூக்க மாத்திரை, வலுவான வலி நிவாரணி போன்றவை சில நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை, போகும் நாட்டின் தூதரகப் பக்கத்தில் முன்பே பாருங்கள். இன்சுலின் சரக்கு அறைக்குப் போகவே கூடாது, உறைந்துவிட்டால் அது பயன்படாது.

பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா, காப்பீடு, தங்குமிட முகவரி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள், காகித நகல் ஒன்று பெரிய பையில் தனியாக இருக்கட்டும். ஒரு பால்பாயின்ட் பேனாவும் வேண்டும். குடியேற்றப் படிவம் நிரப்பப் பேனா தேடி அலையும் கூட்டத்தை எந்த விமானத்திலும் பார்க்கலாம்.

படி 8: கூரான பொருட்களைத் தேடி எடுங்கள்

நாமாக எதையும் வைக்க மாட்டோம், ஏற்கெனவே பையில் கிடப்பவைதான் மாட்டிவிடும். சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கத்தி, போன பயணத்தில் வாங்கிய ஒயின் திறப்பான், தையல் உறைக்குள் கத்தரிக்கோல். காலிப் பையின் எல்லாப் பாக்கெட்டிலும் கையை விட்டுத் துழாவிய பிறகே அடுக்கத் தொடங்குங்கள். கத்தரிக்கோலுக்கு ஐரோப்பாவில் 6 செ.மீ., அமெரிக்காவில் திருகாணியிலிருந்து 4 அங்குலம் என்று வரம்பு. வேறு இடங்களில் அதையும் விடாமல் போகலாம். ஒருமுறை பயன்படுத்தும் ரேசர் பரவாயில்லை, பிளேடு தனியாகக் கழலும் ரேசரில் பிளேடு இருக்கக் கூடாது. பரிசுப்பொருளைக் காகிதம் சுற்றாமல் எடுத்துப் போங்கள், சந்தேகம் வந்தால் பிரித்துவிடுவார்கள்.

படி 9: அடுக்குங்கள்

சக்கரப் பெட்டியில் கனமானவை சக்கரத்தின் பக்கம். நிறுத்தும்போது சாயாது, இழுக்கும்போது கை வலிக்காது. முதுகுப்பையில் கனமானவை முதுகை ஒட்டி, நடு உயரத்தில். காலணிக்குள் காலுறைகளைத் திணித்து, ஓர் உறையில் போட்டு அடியில் வையுங்கள். பிறகு துணி உறைகள். ஓரங்களில் மிஞ்சும் சந்துகளில் பெல்ட், சார்ஜர் வயர். காலர் சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. திரவப் பை எந்த ஜிப்பைத் திறந்தாலும் முதலில் கையில் படும் இடத்தில். மடிக்கணினி சிறு பையில், தனி அறையில். சோதனை வரிசையில் இந்த இரண்டையும் பத்து விநாடிக்குள் எடுக்க முடியுமா என்று வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். வயர்களை ஒரே உருண்டையாகச் சுருட்டி வைக்காதீர்கள், ஸ்கேனர் படத்தில் அது குழப்பமாகத் தெரிந்து பையைத் திறக்க வைக்கும்.

இப்போது எடை போடுங்கள். தொங்கவிட்டுப் பார்க்கும் சின்னத் தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஆள் எடை பார்க்கும் தராசில் பையோடு ஏறி, பிறகு பை இல்லாமல் ஏறிக் கழித்துக்கொள்ளலாம். அனுமதியைவிட அரைக் கிலோ குறைவாக நிற்கட்டும். வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒன்றுபோல் காட்டும் என்று சொல்ல முடியாது, வழியில் ஒரு புத்தகமாவது சேரும்.

படி 10: வாசலில்

கடைசியாக ஏறும் பிரிவில் இருந்தால் மேலே இடம் கிடைக்காது என்றே எதிர்பாருங்கள். பையைக் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம், பயனில்லை. ஆனால் சீட்டுக் கட்டுவதற்கு முன் "ஒரு நிமிஷம், பேட்டரி இருக்கிறதா பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள், அதைக் கேட்டால் எந்த ஊழியரும் காத்திருப்பார். நீங்கள் இந்த முறையில் கட்டியிருந்தால் எடுக்க எதுவும் இருக்காது, சும்மா ஒருமுறை உறுதி செய்துகொள்வதற்குத்தான். பிறகு சீட்டின் மறுபாதியை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு, பையை எங்கே திரும்பத் தருவார்கள் என்று கேளுங்கள். சில இடங்களில் விமானத்தின் வாசலிலேயே கிடைக்கும், சில இடங்களில் மற்றப் பெட்டிகளோடு பெல்ட்டில் வரும். அது தெரியாமல் வாசலில் காத்து நின்றவர்களும் உண்டு, பெல்ட்டில் தேடியவர்களும் உண்டு.

மேலே இடம் இருந்தால், சக்கரப் பக்கம் உள்ளே போகும்படி நீளவாக்கில் வையுங்கள், அடுத்தவர் பைக்கும் இடம் இருக்கும். ஜாக்கெட்டை மேலே திணிக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் பயணத்தில் அழுக்குத் துணி எப்போதும் கூடுதல் இடம் பிடிக்கும், அதற்கென்று ஒரு காலி உறையைப் போகும்போதே போட்டு வையுங்கள். விமான நிலையக் கடையில் திரவம் வாங்கினால், அவர்கள் தரும் முத்திரை போட்ட பையை வீடு வரும்வரை பிரிக்காதீர்கள், ரசீதும் அதற்குள்ளேயே இருக்கட்டும். நடுவில் விமானம் மாறும் இடத்தில் மறுபடி சோதனை உண்டு, முத்திரை பிரிந்திருந்தால் பாட்டில் அங்கேயே நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்து பையைக் காலி செய்யும்போது அந்தச் சிறிய ஜிப் உறையை மட்டும் நான் கலைப்பதில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துப் பீரோவில் வைத்து, தீர்ந்த மாத்திரைகளை நிரப்பி, பவர் பேங்க் உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, பையின் மேல்பாக்கெட்டில் திரும்ப வைத்துவிடுகிறேன்.